இயல்பாக இல்லை

நான் எம்.ஏ. ஆங்கில இலக்கியம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கும்பகோணம் பைபாஸில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அந்த அலுவலகத்தில் சேர்ந்த அன்றும் எல்லாரிடமும் இதைத்தான் முதலில் சொன்னேன். மூன்றாம் நாள் என் ஆங்கிலம் எனக்கே திரும்பி வந்தது. பதினோரு வாக்கியங்கள். பதினொன்றுக்கும் பக்கத்தில் ஒரே குறிப்பு: இயல்பாக இல்லை.

திருப்பி அனுப்பியவர் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றவர். அது தெரிந்ததும் எனக்குக் காதெல்லாம் சுட்டது. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில்.

வேலை என்னவென்று சொன்னால்தான் என் ஆத்திரம் புரியும். வெளிநாட்டில் யாரோ ஓர் இயந்திரத்துக்குக் கைவேலை கற்றுக்கொடுக்கிறார்கள். அதற்காக, குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகளை, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் பிடித்துக்கொள்ளுமே அந்தக் கட்டைகளை, இரண்டு கைகள் சேர்ப்பதையும் பிரிப்பதையும் சின்னச் சின்ன வீடியோக்களாக எங்களுக்கு அனுப்புவார்கள். முகம் தெரியாது, கை மட்டும் தெரியும். அந்தக் கை என்ன செய்கிறது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுத வேண்டும். பிறந்ததிலிருந்து ஆங்கிலம் பேசுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருக்க வேண்டும் என்பது கட்டளை. நாங்கள் பதினெட்டுப் பேர் எழுதினோம். எழுதியதைச் சரிபார்க்க ஒரே ஒருவர். ஆளுக்கு ஓர் எண். வெளிநாட்டுக்காரர்களுக்கு எங்கள் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். சரிபார்ப்பவருடைய எண் ஏழு.

அவரை நாங்கள் அக்கா என்று கூப்பிட்டோம். நாற்பத்தைந்து வயதிருக்கும். தாராசுரத்துக்கு அந்தப்பக்கம் ஒரு கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். ஏசி குளிருக்குப் புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை ஒன்றைப் போட்டு, கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்காருவார். எங்கள் பக்கத்தில் நடவுக்குப் போகிறவர்கள்தான் அப்படிச் சட்டை போடுவார்கள். அவருடைய அம்மா கடைசிவரை நடவுக்குப் போனவர். அக்கா அதை மறைத்ததும் இல்லை, பெருமையாகச் சொன்னதும் இல்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் உதடு அசைய முணுமுணுத்துப் பார்ப்பார். பிடிக்கவில்லையென்றால் விரல்முட்டியால் மேசையைத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் பதினெட்டுப் பேரும் கையை நிறுத்துவோம்.

அழுதுவிட்டு வந்த அன்று நேராக அவர் மேசைக்குப் போனேன். "என் வாக்கியத்துல என்ன தப்புன்னு சொல்லுங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துதான் இருந்தது.

அவர் திரையில் என் முதல் வரியைத் திறந்தார். அந்த நபர் செவ்வக வடிவக் கட்டையை அடித்தளத்தின் மீது பொருத்துகிறார் என்பதை, நான் படித்த அத்தனை ஆங்கிலத்தையும் கூட்டி எழுதியிருந்தேன்.

"கிராமர் தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றார். "உங்க வீட்ல யாராவது 'குவளையை மேசையின் மீது நிலைநிறுத்துக'ன்னு சொல்லுவாங்களா?"

"இது இங்கிலீஷ்க்கா."

"இங்கிலீஷ்காரன் வீட்லயும் மேசைதானே இருக்கு, டம்ளர்தானே இருக்கு. அவனும் வைன்னுதான் சொல்லுவான். புட். அவ்வளவுதான். வாய்ல வச்சுப் பாரு. உறுத்துச்சுன்னா துப்பிடு."

பின்னால் யாரோ சிரித்தார்கள். நான் போய் 'புட்' என்று எழுதினேன். ஐந்து வருடம் செலவழித்துப் படித்த படிப்புக்கு 'புட்' என்று எழுதுகிறேனே என்று அன்று முழுவதும் பொருமினேன்.

வாய்ல வச்சுப் பாரு என்பதுதான் அவருடைய ஒரே பாடம். அதற்கும் சரிவரவில்லையென்றால் சாப்பாட்டுப் பையிலிருந்து நாலைந்து கட்டைகளை எடுத்துப் போடுவார். "அழுத்து. என்ன சத்தம் வருது?" என்பார். க்ளிக் என்போம். "அப்ப அதையே எழுது. கனெக்ட்னு எழுதறியே, அது கரண்ட்டு ஆபீஸ்காரன் பண்ற வேலை." தப்பான சொல்லைப் பார்த்தால் அவருக்கு உண்மையாகவே கோபம் வரும். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை தராமல் ஏமாற்றியபோதும், மேனேஜர் அவருக்கு மட்டும் தீபாவளிக்கு விடுப்பு தராதபோதும் வராத கோபம், ஒரு மஞ்சள் கட்டையை யாராவது 'நிறுவினால்' வந்துவிடும். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

ஒருநாள் சுவாமிமலைப் பெண் ஒருத்தி, கட்டைகளால் வீடு கட்டும் வீடியோவுக்கு, அவன் வீட்டைக் கயிற்றால் கட்டுகிறான் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைப் போட்டுவிட்டாள். பில்ட் என்று எழுத வேண்டிய இடத்தில் டை. நாங்கள் சிரித்த சிரிப்பில் கீழே டைல்ஸ் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். அந்தப் பெண் முகம் சுண்டிப்போனது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"அவ நினைச்சதுல தப்பில்ல" என்றார். "நம்ம வீட்டையும் கட்டறோம், மாட்டையும் கட்டறோம், புடவையும் கட்டறோம், ஃபீஸும் கட்டறோம். எல்லாத்துக்கும் ஒரே வார்த்தை நமக்குப் போதும். அவங்க ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு வச்சிருக்காங்க. நான் சிங்கப்பூர் போன முதல் வாரம் அந்தப் பையன்கிட்ட, வா, வீடு கட்டலாம்னு இதே வார்த்தையைத்தான் சொன்னேன். மூணு வயசு அவனுக்கு. ஓடிப்போய் ரிப்பன் எடுத்துட்டு வந்துட்டான். வீட்டை நாற்காலிக் கால்ல கட்டிப் போட்டோம். சாயங்காலம் அவன் அம்மா வந்து, ஏன் வீட்டைக் கட்டிப் போட்டிருக்கீங்கன்னு கேட்டா, ஓடிப் போயிடும்னு சொல்றான்."

அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. கூத்தாநல்லூர் ஏஜெண்ட் ஒருவர் மூலமாகப் போய், சிங்கப்பூரில் ஓர் இங்கிலீஷ்காரர் வீட்டில் எட்டு வருடம் வீட்டு வேலை செய்திருக்கிறார். பாதி நாள் தரையில் உட்கார்ந்து அந்தப் பையனோடு கட்டைகளை அடுக்கியதுதான் வேலை. சேர்க்க ஒரு சொல், பிரிக்க ஒரு சொல், சேராமல் முரண்டு பிடித்தால் ஒரு சொல், இடித்துத் தள்ளிவிட்டுக் கைதட்டினால் ஒரு சொல் என்று அந்தப் பையன் வாயிலிருந்தே கற்றிருக்கிறார். எந்தப் பல்கலைக்கழகமும் எனக்குச் சொல்லித்தராத ஆங்கிலம் அது. இந்த வேலைக்கு வேண்டியது அது மட்டும்தான்.

இதைக் கேட்டதும் மரியாதை வந்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு வந்தது. எனக்கு, 'பாத்திரம் தேய்த்தவரா என் ஆங்கிலத்தைத் திருப்பி அனுப்பினார்' என்றுதான் தோன்றியது. எங்கள் வீட்டில் நிலம் தாத்தாவோடு போயிற்று. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். நிலம் போனாலும் திமிர் போகவில்லை, அது என்னிடம் பத்திரமாக இருந்தது.

மறுவாரம் என் வாக்கியங்கள் மறுபடி திரும்பி வந்தன. அன்று டீ குடிக்கும்போது மேனேஜர் பக்கத்தில் வந்து நின்றார். "என்னம்மா, எப்படிப் போகுது?" என்று கேட்டார். அவர் கேட்டது அவ்வளவுதான்.

"அக்கா சிங்கப்பூர்ல வீட்டு வேலைக்கு இருந்தாங்களாம் சார். உங்களுக்குத் தெரியுமா?" என்றேன்.

அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சிங்கப்பூர் எட்டு வருடம் என்று விண்ணப்பத்தில் இருந்ததைப் பார்த்து, ஏதோ அலுவலகம் என்று நினைத்திருந்தார். திருவையாற்றுப் பக்கம் பெரிய மிராசுக் குடும்பம் அவருடையது. நிலத்தை விற்று அண்ணன்மார் அமெரிக்கா போய்விட்டார்கள், இவர் இங்கே அலுவலகம் நடத்துகிறார். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "ஓ" என்றார்.

அந்த ஒற்றை 'ஓ'வில் எல்லாம் முடிந்துவிட்டது. ஆனால் அது எங்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆயிற்று.

ஐப்பசி மழை நாளில் வெளிநாட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பல ஊர்களில் இந்த வேலை நடக்கிறது, அத்தனையிலும் உங்கள் ஏழாம் எண் ஒப்புக்கொண்ட வாக்கியங்கள்தான் கேட்க இயல்பாக இருக்கின்றன, அவரோடு திரையில் பேச வேண்டும், எல்லா ஊர்களுக்கும் அவரையே மொழிப் பொறுப்பாளராக வைக்கலாம் என்று இருக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். மேனேஜர் அதை அக்காவிடம் காட்டவில்லை. என்னைக் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டுக் காட்டினார்.

"நாளைக்கு எட்டரைக்கு நீங்க உட்காருங்க" என்றார்.

"அக்காதானே சார் ஏழு?"

"நம்பர்தானேம்மா. யார் வேணா ஏழா இருக்கலாம். அவங்க பேசறது அடுப்பங்கரை இங்கிலீஷ். அவங்களை உட்கார வச்சா, என்ன படிச்சிருக்கீங்கன்னு அடுத்த கேள்வி வரும். நம்ம ஆபீஸ் மானம் போயிடும். இதெல்லாம் இயல்பா வரணும். வளர்ப்புல வரணும். உங்க அப்பாவை எனக்குத் தெரியும், அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

நான் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றியது, பயந்துவிட்டேன் என்று பிற்பாடு பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது பொய். சந்தோஷமாக இருந்தது. இரவு எந்தப் புடவை கட்டுவது என்று யோசித்தேன்.

காலையில் கண்ணாடி அறையில் நான் உட்கார்ந்தேன். வெளியே அக்கா வழக்கம்போல் வந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, கணினியைத் திறந்தார். திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். நல்ல மாதிரியாகத்தான் பேசினாள். ஒரு கேள்வி கேட்டாள். "மற்ற ஊர்க்காரர்கள் எல்லாம் 'கட்டை அகற்றப்பட்டது' என்று எழுதுகிறார்கள், உங்கள் ஊரில் மட்டும் யாருமே அப்படி எழுதுவதில்லை. ஏன்?" என்று.

எனக்குப் பதில் தெரியும். நூறு தடவை கேட்ட பதில். "கை இருக்குல்ல படத்துல? அப்ப கை கழட்டுதுன்னு எழுது. யாரும் தொடாம அதுவா கழண்டா, கழண்டுச்சுன்னு எழுது. செஞ்ச ஆளை ஒளிச்சுவைக்கிற வாக்கியத்தை எங்கிட்ட கொண்டுவராத" என்று அக்கா முட்டியால் தட்டித் தட்டிச் சொன்னதை, ஆங்கிலத்தில் அடுக்கடுக்காக என் சொந்தச் சரக்குபோல எடுத்துவிட்டேன். குழந்தைகள் எப்படிப் பேசுவார்கள் என்று கவனிப்பேன் என்றுகூடச் சொன்னேன். எங்கள் வீட்டில் குழந்தையே கிடையாது.

"உங்களுக்கு அருமையான காது" என்றாள் அவள். நான் நன்றி சொன்னேன். கண்ணாடிக்கு வெளியே அந்தக் காதுக்குச் சொந்தக்காரர் குனிந்து சுவாமிமலைப் பெண்ணின் ஒரு வரியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

நான் வெளியே வந்தபோது யாரும் தலையைத் தூக்கவில்லை. கடித விஷயம் எப்படியோ எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அக்காதான் கேட்டார்.

"என்ன கேட்டாங்க?"

சொன்னேன்.

"நீ என்ன சொன்ன?"

"நீங்க சொல்றதைத்தான்க்கா சொன்னேன்."

"அப்ப சரியாத்தான் சொல்லியிருப்ப" என்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். கத்தியிருக்கலாம். மேசையைத் தட்டியிருக்கலாம். அவ்வளவு சின்னச் சின்னச் சொல்லுக்கெல்லாம் கோபப்பட்டவர், இதற்குக் கோபப்படவில்லையே என்று எனக்குத்தான் எரிச்சல் வந்தது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனசாட்சியைச் சரிக்கட்டியிருப்பேன்.

அடுத்த வாரம் மேனேஜர் ஒரு விதி கொண்டுவந்தார். பட்டம் படித்தவர்தான் சரிபார்க்கலாம். ஏழாம் எண்ணும், அதோடு எல்லா ஊர்களுக்குமான மொழிப் பொறுப்பும் எனக்கு வந்தன. அக்காவுக்கு என் பழைய எண் பத்தொன்பதைக் கொடுத்து எழுத உட்கார வைத்தார்கள். அவருடைய வாக்கியங்கள் இனி என்னிடம் வரும். அவர் பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்து நாற்காலிக்குப் போனார். அந்த வாரம் முழுக்க அவர் எழுதிய எதிலும் ஒரு குறை சொல்ல முடியவில்லை.

எட்டாம் நாள் காலை, நான் ஒப்புக்கொண்டு அனுப்பியதில் ஒரு வரி தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னார். "செருகறதுக்கும் அழுத்தறதுக்கும் வித்தியாசம் இருக்கும்மா. பார்க்காம விட்டுட்ட" என்றார். உண்மைதான், பார்க்காமல் விட்டிருந்தேன். அவர் பழையபடி அக்காவாகத்தான் சொன்னார், குத்திக்காட்டவில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

அன்று மதியம் அவருடைய வரிகளைத் திறந்தேன். ஒரு கை நீலக் கட்டையை இப்படியும் அப்படியும் மெல்ல ஆட்டுகிறது, கட்டை 'பாப்' என்று வெளியே வருகிறது. அதை எட்டே சொல்லில் எழுதியிருந்தார். அந்தச் சிங்கப்பூர்ப் பையனே பக்கத்தில் உட்கார்ந்து சொன்னதுபோல இருந்தது. அதைவிட நல்ல வாக்கியம் அந்த அலுவலகத்தில் யாரும் எழுதியதில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தே பக்கத்தில் எழுதினேன்: இயல்பாக இல்லை. யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை, மேனேஜர்கூட.

கொஞ்ச நேரத்தில் என் மேசைக்கு வந்தார்.

"எதும்மா இயல்பா இல்ல?"

"ரொம்பப் பேச்சு வழக்கா இருக்குக்கா."

"பேசற மாதிரிதானே எழுதச் சொல்றாங்க?"

நான் திரையைப் பார்த்தேன். அவர் போய்ச் சட்டையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார், கட்டைகளையும் எடுத்துப் போட்டுக்கொண்டார். மணி மூன்று. படியிறங்கிப் போய்விட்டார். மறுநாள் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை. மேனேஜர் எல்லாரிடமும் "அவங்களா நின்னுட்டாங்க" என்று சொன்னார். சுவாமிமலைப் பெண் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டைத் தேடிப் போனேன். சுற்றிலும் சம்பா அறுப்பு. வீட்டு வாசலில் அரிவாள்மனையைப் போட்டு, சாம்பலில் கெண்டை மீனைப் புரட்டி ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. "வா, உட்காரு" என்றார். வேலை கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். பட்டம் கேட்கிறார்கள், இல்லையென்றால் முந்தின வேலையை விட்டு ஏன் நின்றீர்கள் என்று கேட்கிறார்கள் என்றார்.

பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்துவைத்திருந்ததைச் சொன்னேன். "மனசுல வச்சுக்காதீங்கக்கா. என்னமோ அப்படி ஆயிடுச்சு."

மீனை அரிந்துகொண்டிருந்த கை நின்றது. "ஆயிடுச்சா?"

"தப்பு நடந்துபோச்சுக்கா."

"எப்படி, அதுவா நடந்து வந்துச்சா?" இப்போது அந்தக் கோபம் வந்துவிட்டது. சட்டை இல்லை, மேசை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். "எம்.ஏ. படிச்சிருக்க. ஒழுங்கா ஒரு வாக்கியம் சொல்லத் தெரியல உனக்கு. திரும்பச் சொல்லு."

நான் சொன்னேன். "நான்தான்க்கா பண்ணேன். சார்கிட்ட உங்களைப் பத்திச் சொன்னது நான். உங்க நம்பர்ல உட்கார்ந்து பேசினது நான். அந்த வரி நல்லா இருக்குன்னு தெரிஞ்சேதான் திருப்பி அனுப்பினேன்."

உதடு அசைய அதை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

"இது சரி" என்றார். "ஆனா இதை எங்கிட்ட ஏன் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. அந்த டிவில வந்தாளே, அவகிட்ட சொல்லு."

மீன் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவர் திரும்பி வரவில்லை.

அந்த வெள்ளைக்காரப் பெண்ணோடு எனக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை எட்டரைக்குக் கூட்டம் உண்டு. மறுநாளும் இருந்தது, போன வாரமும் இருந்தது. திரையில் வந்ததும் அவள் சிரித்துக்கொண்டே "குட் மார்னிங், செவன்" என்கிறாள். நானும் குட் மார்னிங் சொல்கிறேன்.